மேட்டு நிலத்து வெள்ளம்

போன வருஷம் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது பேரிடர் ஆயத்தத் துறையும் வரத்தான் செய்தது. என்ன, ஆறு முந்திக்கொண்டது. வந்த ஆறு வயல்களில் படுத்துப் புரண்டு, மாட்டுக் கொட்டகைகளை வாரிச் சுருட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பியும் போய்விட்டது. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்த பிறகு, லாரியின் முதுகில் ஏறி ஒரு படகு ஊருக்குள் நுழைந்தது. முன்னால் ஜீப்பில் வந்த அதிகாரி இறங்கி நாலா பக்கமும் பார்த்தார். காப்பாற்ற ஒருத்தரும் இல்லை. எல்லாரும் அவரவர் பாட்டுக்கு ஏற்கெனவே பிழைத்துக் கிடந்தார்கள். அவர் முகம் வாடியதைப் பார்த்து ஊர்க்காரர்களுக்கே பாவமாகிவிட்டது. வேண்டுமானால் கொஞ்ச நேரம் கூரைமேல் ஏறி நிற்கட்டுமா என்றுகூட ஒருவர் கேட்டுப் பார்த்தார்.

அந்த வாட்டத்தைத் துறை மறக்கவில்லை. இனி வெள்ளத்துக்குப் பின்னால் ஓடக் கூடாது, முன்னாலேயே போய் நின்றுவிட வேண்டும், அதற்கு ஒத்திகை நடத்த வேண்டும் என்று தீர்மானமாயிற்று. தீர்மானம் மேலே போயிற்று, கீழே வந்தது, பக்கத்து அறைக்குப் போய் அங்கே ஆள் விடுப்பில் இருந்ததால் சில மாதம் படுத்துக் கிடந்தது, எழுந்து மறுபடியும் மேலே போயிற்று. கடைசியில் அது உத்தரவாகத் திரும்பி வந்தபோது, மழை முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் வெகுநாள் ஆகியிருந்தது. வானத்தைப் பார்த்துப் பார்த்து ஊருக்கே கழுத்து வலி.

மேட்டுக்காரிக்கும் கழுத்து வலிதான். பெரிய ரோட்டை ஒட்டி, ஊரிலேயே உயரமான இடத்தில் அவள் நிலம் இருந்ததால் அந்தப் பெயர். போன வருஷம் ஆறுகூட அங்கே ஏறவில்லை. ஆனால் விடாமல் பெய்த மழையில் பயிர் நின்ற இடத்திலேயே அழுகிப் போனது. இந்த வருஷம் முதல் மழையை நம்பி மக்காச்சோளம் போட்டாள். முழங்கால் உயரம் வந்ததும் மழை கைவிட்டது. இப்போது இலைகள் சுருட்டுப் போலச் சுருண்டு நின்றன.

அவள் புருஷனுக்கு ஊரில் கொட்டாவி என்று பெயர். எதைக் கேட்டாலும் முதலில் ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத்தான் பதில் சொல்வான். பாதி நேரம் கொட்டாவியே பதிலாகிவிடும். அப்படிப்பட்டவன் ஒருநாள் கொட்டாவியே விடாமல், முழு வாக்கியமாக, இந்தச் சோளமும் போச்சுன்னா நான் டவுனுக்குக் கட்டட வேலைக்குப் போயிடறேன் என்று சொன்னான். கொட்டாவி இல்லாமல் சொன்னதால்தான் அவள் அதை நம்பினாள். டவுனுக்குப் போன ஆண்கள் சாவுக்கு மட்டும் வந்து போகிற வீடுகள் அந்தத் தெருவில் ஏற்கெனவே நான்கைந்து இருந்தன.

ஒவ்வொரு வீடும் தனக்குத் தெரிந்தபடி நாளைத் தள்ளியது. ஒரு வீட்டில் ஆடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. ஒரு வீட்டில் பிள்ளைகளை மாமன் வீட்டுக்கு அனுப்பி, பள்ளி விடுமுறை என்று சொல்லிக்கொண்டார்கள். பள்ளத்தில் நிலம் வைத்திருந்த மேட்டுக்காரியின் அண்ணன், கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டே போய்ப் பாறையைத் தொட்டு, அதற்குப் பிறகு பாறையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மேட்டுக்காரியோடு ஒரே வீட்டில் இருந்த நாத்தனார், கொட்டாவிக்கு அக்கா, காலை அடுப்பை மூட்டுவதை நிறுத்திவிட்டு அதற்கு விரதம் என்று பெயர் வைத்திருந்தாள்.

ஒருநாள் ஊரே திரண்டு, நாலு லாரி தண்ணீராவது தாருங்கள் என்று கேட்கத் துறைக்குப் போயிற்று. ஒரே கட்டடம், இரண்டு கதவு. இடது பக்கம் வறட்சிப் பிரிவு, வலது பக்கம் வெள்ளப் பிரிவு. வறட்சிப் பிரிவு அதிகாரி மரியாதையானவர். எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

"வறட்சின்னு சொல்றதுக்கு ஒரு முறை இருக்குங்க. பயிர் முழுசாக் காஞ்சு முடியணும். உங்களுக்கு இப்பப் பாதிதான் காஞ்சிருக்கு. நடுவுல நாங்க புகுந்து தண்ணி விட்டுட்டா, வந்தது வறட்சியா இல்லையான்னு கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியாமலே போயிடும்."

அப்படியானால் முழுசாகக் காய்ந்த பிறகு தண்ணீர் தருவீர்களா என்று அண்ணன் கேட்டார்.

"காஞ்ச பயிருக்குத் தண்ணி எதுக்குங்க?" என்றார் அதிகாரி.

அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார்கள். அப்போதுதான் வலது கதவு திறந்தது. போன வருஷம் முகம் வாடிப்போன அதே அதிகாரி, வெள்ளப் பிரிவின் தலைவர், இவர்களைக் கண்டதும் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி ஓடிவந்தார். உங்கள் ஊருக்குத்தான் வெள்ளம் ஒதுக்கியிருக்கிறோம், ரோட்டோரம் யாருக்கு நிலம் இருக்கிறது என்று கேட்டார்.

மேட்டுக்காரி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். தன் நிலம் மேட்டில் இருப்பதையும், அங்கே எந்தக் காலத்திலும் வெள்ளம் ஏறியதில்லை என்பதையும் சொன்னாள்.

"அது இயற்கையோட குறைம்மா," என்றார் அவர். "வெள்ளம் பள்ளத்துக்குப் போகுது. பள்ளத்துக்கு ஜீப் போக மாட்டேங்குது. ரெண்டுக்கும் இன்னும் ஒத்துப் போகல. நாங்க ஜீப் போற இடத்துலதானே காப்பாத்த முடியும்?"

ஊர் காய்ந்து கிடக்கிறதே, இப்போது போய் வெள்ளமா என்று நாத்தனார் கேட்டாள். உத்தரவில் வெள்ளம் என்று இருக்கிறது, அதை இனி மாற்றி முடிப்பதற்குள் அடுத்த வெள்ளம் வந்துவிடும் என்றார் அவர். மேட்டுக்காரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தண்ணீர் நிஜமாகவே வருமா?

"தண்ணி இல்லாம வெள்ளம் எப்படிம்மா?"

அவள் சம்மதித்துவிட்டாள். இப்படியாக அவர்கள் வீடு முதன்மைப் பாதிப்புக் குடும்பம் ஆயிற்று.

ஒத்திகை நாளன்று ரோட்டோரம் பந்தல் போட்டு நாற்காலிகள் அடுக்கினார்கள். லாரிகள் வரிசை கட்டி வந்தன. ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு ஊர் தாண்டி நடந்துகொண்டிருந்தவர்கள், அத்தனை தண்ணீர் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்து லாரிகளை எண்ண ஆரம்பித்தார்கள். கொட்டாவி, மேட்டுக்காரி, நாத்தனார் மூவரையும் வீட்டுத் தகரக் கூரைமேல் ஏற்றி உட்கார வைத்தார்கள். உச்சி வெயில். தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. நாத்தனார் சாக்கை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்து, தலைக்குமேல் குடையை விரித்தாள். வெள்ளத்தில் வெயிலுக்குக் குடை பிடிக்கக் கூடாது என்று கீழிருந்து அதிகாரி சொன்னார். மழைக்குப் பிடித்திருக்கிறேன் என்று அவள் பதில் சொன்னாள். அதை அவர் ஏற்றுக்கொண்டார்.

விசில் ஊதியதும் லாரிகள் திறந்தன. தண்ணீர் சோளத்துக்குள் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் காணாமல் போனது. இரண்டு மாதமாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்த நிலம், வந்ததையெல்லாம் மடக் மடக்கென்று குடித்தது. படகு ஈரத் தரையில் பன்றிக்குட்டி மாதிரி சரிந்து படுத்துக்கொண்டது. உள்ளே துடுப்போடு இருந்த இரண்டு பேரும் எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் காற்றைத் துழாவினார்கள்.

அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "மண்ணு ஒத்துழைக்க மாட்டேங்குது," என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார். இன்னும் லாரிகளுக்குச் சொல்லியனுப்பினார்.

லாரிகள் வந்தன. இந்த முறை கணுக்கால் அளவுக்காவது தண்ணீர் நின்றது. அதற்குள் ஊர்ப் பெண்கள் குடங்களோடு வந்துவிட்டார்கள். குடம், அண்டா, சோற்றுப் பானை, கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்து வந்து வெள்ளத்தை மொண்டுகொண்டு போனார்கள். அதிகாரி விசிலை ஊது ஊதென்று ஊதினார். வெள்ளத்தைத் திருடுவது குற்றம் என்று அறிவித்தார். கடைசியில் வெள்ளத்துக்குக் காவல் போட வேண்டியதாயிற்று. நாலு காவலர்கள் பேண்டை மடித்து விட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் தண்ணீரைப் பாதுகாத்து நின்றார்கள்.

மேலே இருந்தவர்கள் "காப்பாத்துங்க" என்று கத்த வேண்டும் என்பது ஏற்பாடு. தண்ணீர் சுமந்து போகிற பெண்கள் எல்லாரும் தன்னையே பார்க்கும்போது மேட்டுக்காரிக்கு வெட்கமாக இருந்தது. வாயைத் திறந்தால் குரலே வரவில்லை. கொட்டாவி வாயைத் திறந்தான். அது வேறு காரியத்துக்கு. நாத்தனார்தான் எழுந்து, தொண்டை வறண்டு போச்சு, ஒரு வாய் தண்ணி கொண்டாங்கடா என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். படத்துக்கு அது போதும் என்று துறையோடு வந்திருந்த ஒளிப்பதிவாளர் சொல்லிவிட்டார்.

மாலையில் அதிகாரி பேசினார். "போன வருஷம் வெள்ளம் எங்களை ஏமாத்திடுச்சு. இந்த வருஷம் நாங்க வெள்ளத்தை ஏமாத்திட்டோம். வெள்ளம் இல்லாத நேரமாப் பாத்து வந்திருக்கோம். ஒரு உயிர்கூடப் போகல. பயிர் மட்டும் முழுசா அழிஞ்சிடுச்சு. அந்த அறிக்கையை நேத்தே அனுப்பிட்டோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். ஜீப் போயிற்று, லாரிகள் போயின. படகை மட்டும் அடுத்த ஒத்திகைக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனார்கள். நாத்தனார் படகுக்குள் கோழியை அடைத்தாள்.

வாரம் திரும்புவதற்குள் இலைச் சுருட்டுகள் பிரிந்தன. சோளம் கையை வீசிக்கொண்டு எழுந்து நின்றது. காய்ந்து கிடந்த ஊருக்கு நடுவில் அந்த ஒரு நிலம் மட்டும் பச்சையாகத் தெரிந்ததும் ஊருக்கு விஷயம் புரிந்தது. மறுநாள் காலையில் வெள்ளப் பிரிவின் வாசலில் வரிசை நின்றது. தாங்களும் பாதிக்கப்பட விரும்புவதாக எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். தன் வீட்டில் நீந்தத் தெரியாதவர்கள் அதிகம் என்று ஒருவர் பரிந்துரைத்துக்கொண்டார். இத்தனை பேர் தாமாக முன்வந்து பாதிக்கப்படத் துடிப்பது துறைக்கே பெருமை என்று அதிகாரி நெகிழ்ந்து போனார். ஆனால் ரோட்டோரம் நிலம் இருந்தது மேட்டுக்காரிக்கு மட்டும்தான்.

அதில் மனசு முறிந்து போனது அவள் அண்ணனுக்கு. வாசலில் நின்றபடியே, உள்ளே வராமல் பேசினார்.

"என் நிலம் பள்ளத்துல கெடக்கு. வெள்ளம்னா மொதல்ல எனக்குத்தான் வரணும். போன வருஷம் நிஜ வெள்ளம் வந்தப்ப மொத்தத்தையும் நான்தான் வாங்கிக்கிட்டேன். இப்ப நல்ல வெள்ளம் வந்ததும் என் பங்கையும் சேத்து நீ வாங்கிட்டல்ல?"

அவள் பேச வாயெடுப்பதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ரோட்டில் எதிரே வந்தாலும் கிணற்றைப் பார்க்கப் போகிறவர் மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மேட்டுக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

அதிகாரியிடம் போய், எங்கண்ணன் வீட்டையும் சேத்துக்குங்க சார் என்று கெஞ்சிப் பார்த்தாள். ஜீப் போகாதே அம்மா என்றார். திரும்பி வந்து கொட்டாவியிடம் சொன்னாள். அவன் ஒரு கொட்டாவி விட்டான், மண்வெட்டியை எடுத்தான், தன் நிலத்து வரப்பை வெட்டிப் பள்ளம் வரைக்கும் வாய்க்கால் இழுக்க ஆரம்பித்தான். அவளும் சேர்ந்து வெட்டினாள்.

இரண்டாவது ஒத்திகையில் விட்ட தண்ணீர் வாய்க்கால் வழியாகக் குதித்துக்கொண்டு கீழே ஓடியது. அண்ணன் நிலத்தை நனைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்த மூன்று நான்கு பேர் நிலத்தையும் தொட்டுப் பார்த்தது. இது என்ன என்று அதிகாரி பதறினார். வெள்ளம் பள்ளத்துக்குப் பாய்வது வழக்கம்தானே சார் என்று மேட்டுக்காரி சொன்னாள். அவர் சற்று யோசித்தார். பிறகு, சொல்லிக்கொடுக்காமலே வெள்ளம் தானாகப் பரவியிருக்கிறது, இது எதிர்பாராத வெற்றி என்று கைகுலுக்கல்கள் நடந்தன. பந்தல்காரருக்கும் கை கொடுத்தார்கள். அன்று மாலை அண்ணன் வாய்க்கால் கரையில் வந்து நின்று, இதை இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டியிருக்கலாம் மாப்ள என்று கொட்டாவியிடம் குறை சொன்னார். அவர் பேச ஆரம்பித்துவிட்டார் என்பதே மேட்டுக்காரிக்குப் போதுமாக இருந்தது.

மூன்றாவது ஒத்திகையும் முடிந்தது. சோளம் ஆளை மறைத்தது. கதிர் விட்டு, குஞ்சம் தொங்கவிட்டு, காற்றடித்தால் சலசலவென்று சிரித்தது. அப்போதுதான் அதிகாரி ஜீப்பில் தனியாக வந்தார். வந்தவர் நிலத்தைப் பார்த்தார். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா இது, இப்படி நிக்குது?" என்றார். குரல் உடைந்திருந்தது. "இது மூணு தடவை அழிஞ்ச பயிர்மா."

மேலிடத்துக்கு அழிந்த வயலின் படம் வேண்டுமாம். அறிக்கையில் அழிவு நூற்றுக்கு நூறு என்று இருக்கிறதாம். நிலமும் அறிக்கையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் யாரையாவது திருத்த வேண்டும். அறிக்கையைத் திருத்தத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். டிராக்டர் விட்டு உழுதுவிடலாம், அரை நாள் வேலைதான். கெட்டவர் இல்லை அவர். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியிருந்தது.

 கொட்டாவி கொட்டாவி விடவில்லை. போய்ச் சோளத்துக்கு முன்னால் நின்றுகொண்டான். என்ன செய்யப் போகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த நாத்தனார்தான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏன் சார், அழிஞ்ச பயிரை உழுது மண்ணுக்குள்ள விட்டா அழுகி வியாதி வராதா? வெள்ளம் வடிஞ்சா மொதல்ல அழிஞ்சதை அறுத்து அப்புறப்படுத்தணும்ல? அதுக்கு ஒத்திகை கிடையாதா உங்ககிட்ட?"

அதிகாரியின் முகத்தில் சற்று முன் அணைந்து போயிருந்த வெளிச்சம் திரும்ப வந்தது. அழிவை அகற்றும் ஒத்திகை இதுவரை எங்கேயும் நடந்ததில்லை என்றார். நாளைக்கே வைத்துக்கொள்ளலாமா என்றார்.

மேட்டுக்காரி சோளத்துக்குள் நுழைந்தாள். ஒரு கதிரை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். பால் கசிந்தது.

"கொஞ்ச நாள் போகட்டும் சார்," என்றாள். "அழிவு இன்னும் முத்தல."

அவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். எதையும் அரைகுறையாகச் செய்வது தனக்குப் பிடிக்காது, அழிவு நன்றாக முத்தட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அழிவு முத்தியது. அகற்றும் நாளன்று ஊரே அரிவாளும் சாக்குமாக வந்து இறங்கியது. யாரும் சிரிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அறுவடை செய்கிறவர்களைச் சிரிக்காதே என்றால் எப்படி? பள்ளத்து அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு அறுத்தார். ஒருவன் பழக்கதோஷத்தில் பாட்டை ஆரம்பித்து, அதட்டு வாங்கி, அதையே ஒப்பாரி ராகத்துக்கு மாற்றினான். கதிர்கள் சாக்குக்குப் போயின, தட்டைகள் மாடுகளுக்குப் போயின. வாய்க்கால் தண்ணீர் எட்டாமல் மொத்தமாகக் காய்ந்துபோன நிலத்துக்காரர்களும் வந்திருந்தார்கள்; அவர்கள் சாக்கையும் நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தாள் மேட்டுக்காரி. டவுனுக்கு எப்பக் கிளம்பறீங்க மாப்ள என்று அண்ணன் கேட்டதற்குக் கொட்டாவி வாயைத் திறந்தவன், மூட வெகு நேரம் எடுத்துக்கொண்டான். போகவில்லை என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

மேட்டுக்காரி ஒரு கதிரை ஒடித்துத் தோலை உரித்தாள். அடி முதல் நுனிவரை ஒரு பல் குறையாமல் மணி. அவள் இரண்டு வருஷமாக அழவில்லை. பயிர் அழுகியபோது அழவில்லை, அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது அழவில்லை, தகரக் கூரையில் வெந்தபோது அழவில்லை. இப்போது கதிரைக் கையில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் தேம்பித் தேம்பி அழுதாள். ஒளிப்பதிவாளர் பக்கத்தில் வந்தார்.

"கொஞ்சம் அளவா அழுங்கம்மா. நிஜம் மாதிரி தெரியல."

அன்றைக்கு வறட்சிப் பிரிவு அதிகாரியும் வந்திருந்தார். பருவம் முடிந்துவிட்டதால் வறட்சியா இல்லையா என்று சொல்லிப்போக வந்தார். நிலங்களைச் சுற்றிப் பார்க்க அவருக்கு அவசியம் இருக்கவில்லை. ஒரே பருவத்தில் மூன்று முறை வெள்ளம் வந்த ஊரில் வறட்சி இருக்க வழியில்லை என்றார். காய்ந்த நிலத்துக்காரர்கள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள். வெள்ளத்துக்கு நிவாரணமாவது உண்டா என்று வலது பக்கம் திரும்பிக் கேட்டார்கள். ஒத்திகை வெள்ளத்துக்கு ஒத்திகை நிவாரணம்தான், அது அடுத்த வருஷம் என்றார் வெள்ளப் பிரிவு அதிகாரி.

பிறகு அவர் பேச எழுந்தார். "இந்தக் குடும்பம் எல்லாத்தையும் இழந்துடுச்சு. மூணு தடவை இழந்துடுச்சு. ஒவ்வொரு தடவையும் நாங்க கூடவே இருந்தோம். நாங்க இல்லாம இவங்களால இதை இழந்திருக்க முடியாது." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வறட்சிப் பிரிவு அதிகாரியும் கைக்குட்டையை எடுத்தார். கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. சில தோள்கள் குலுங்கின. துக்கம்தான் என்று ஒளிப்பதிவாளர் அந்தத் தோள்களை நெருங்கிப் படம் பிடித்தார்.

பேச்சு முடிந்தபோது இரண்டு அதிகாரிகளுக்கும் நல்ல பசி. மேட்டுக்காரி ஓரத்தில் பிந்தி விளைந்து இளசாக நின்ற கதிர்களை ஒடித்து வந்து, தணலில் வாட்டி, உப்புத் தடவிக் கொடுத்தாள். பந்தல் நிழலில் உட்கார்ந்து இருவரும் சுற்றிச் சுற்றிக் கடித்தார்கள். வறட்சிப் பிரிவு அதிகாரி கடித்த கதிரைத் தூக்கிப் பார்த்தார்.

"இந்த வறட்சியில இவ்வளவு நல்ல சோளம் எங்கம்மா கெடைச்சுது?"

"வெள்ளத்துல அடிச்சிட்டு வந்துச்சுங்க," என்றாள் மேட்டுக்காரி.

இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். ஆளுக்கு இன்னொன்று கேட்டார்கள்.